மஸ்ட் இல்லாத கட்டுரை

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்து, ஆங்கிலப் பள்ளியின் வாசற்படியில் ஓராண்டு உட்கார வைக்கப்பட்டவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறோமோ தெரியவில்லை. ரிமூவ் வகுப்பு என்று அதற்குப் பெயர். ஆங்கிலம் வராத பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை ஓராண்டு ஊட்டி, பிறகுதான் முதல் படிவத்துக்குள் விடுவார்கள். என் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். போன தீபாவளிக்கு எண்ணிப் பார்த்தேன்; ஒன்பது பேர் மிச்சம். அந்த ஒன்பதில் இருவருக்கு என்னை யாரென்று தெரியாது.

எண்ணுவது என் வியாதி என்று வீட்டில் சொல்வார்கள். மலாக்கா பக்கம் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வந்த பெட்டி, போன பெட்டி என்று எண்ணியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் விட முடியவில்லை. கேஸ் அடுப்பை மூடினேனா, கேட்டைப் பூட்டினேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். போய்ப் பார்த்ததையும் எண்ணிக்கொள்வேன்.

போன மாதம் பேத்தி ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். படிக்கிற பிள்ளைகள் வேலைக்குப் போகலாமா, கூடாதா என்று வாதம் செய்ய வேண்டுமாம். போகக் கூடாது என்பது அவள் கட்சி. நான் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெற்றோர் இதைச் செய்தே ஆக வேண்டும், அரசாங்கம் அதைச் செய்தே ஆக வேண்டும், முதலாளிகள், ஆசிரியர்கள், எல்லாரும் எதையாவது செய்தே ஆக வேண்டும். மஸ்ட், மஸ்ட், மஸ்ட். இரண்டு பக்கத்தில் இருபத்திரண்டு.

"ஏம்மா, எல்லாரையும் இப்படி அதட்டுற? கொஞ்சம் ஷுட் போடு, மே போடு. தன்மையா இருக்கும்ல."

"தாத்தா, மஸ்ட் போட்டாத்தான் ஸ்ட்ரோங்கா இருக்கும்லா. தன்மையா சொன்னா யாரு கேப்பா?"

பென்சில் கையிலேயே இருந்தது. ஒரு வட்டம்கூட என்னால் போட முடியவில்லை. என் அக்காவின் நினைவு வந்துவிட்டது.

அக்கா எனக்கு ஒரு வயது மூத்தவள். அம்மா ரப்பர் பால் வெட்டப் போகும்போது என்னைப் பார்த்துக்கொள்வதற்காக அவளை ஓராண்டு தாமதமாகப் பள்ளியில் சேர்த்தார்கள். அதனால் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் வரிசை வீடுகளில் எங்கள் லயம். விடியும் முன் தோட்டத்து லோரியில் ஏறிப் பெரிய சாலை வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் பட்டணத்துப் பள்ளிக்குப் போவோம். அம்மா பால் வெட்டப் போட்டுக்கொள்ளும் வெளிக்காட்டுச் சட்டை தொங்கும் அதே கொடியில்தான் எங்கள் சீருடையும் தொங்கும். எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் ரப்பர் பாலின் புளித்த வாடை போகாது. அக்கா தன் சட்டைக் கழுத்தில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டு வருவாள். அதன் பிறகு அவள்மேல் எலுமிச்சை வாடையும் ரப்பர் வாடையும் சேர்ந்து அடிக்கும்.

வகுப்பில் பாதிப் பேர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். மறுபாதி சீனப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். அக்காவுக்கு முன் பெஞ்சில் பஸ் நிலையத்துக் கோப்பிக் கடைக்காரரின் மகள் இருந்தாள். சேர்ந்த முதல் வாரமே மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.  மறுநாள் அக்கா தேய்த்தது இரண்டு எலுமிச்சைத் தோல்.

ஆங்கிலம் எடுத்தவர் யாழ்ப்பாணத்து வாத்தியார். வெள்ளைக் கால்சட்டை, கஞ்சி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்றில் நீல மை, மற்றதில் சிவப்பு. சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் ஒரு முறை சொல்வார். நல்ல மனிதர். பிரம்பை மேசைமேல் வைத்திருந்தார், ஆனால் அதை எடுத்து நான் பார்த்ததில்லை.

வாதக் கட்டுரை எழுத வைத்த முதல் வாரம் அவர் நோட்டுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம். என் கட்டுரையில் பதினெட்டு மஸ்ட். தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே கதை. கோப்பிக் கடைக்காரர் மகள் எழுதியதில் மஸ்ட் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் கேன். அரசாங்கம் கேன், அப்பா கேன், மழை கேன்.

"தமிழ்ப் பிள்ளையள் எல்லாரும் தோட்டத்துத் துரைமார் போல கட்டளை போடுறியள்," என்றார் வாத்தியார். "சீனப் பிள்ளையள் கடை முதலாளிமார் போல எல்லாத்துக்கும் ஓம், ஓம் எண்டுறியள். வாதம் செய்யிறவர் ஆர்? ஒருத்தரும் இல்லை."

கரும்பலகையில் சாக்கட்டியால் ஏணி ஒன்று வரைந்தார். உச்சிப் படியில் மஸ்ட். அதற்குக் கீழே ஷுட், பிறகு கேன், பிறகு மே. தரையைத் தொடும் படியில் மைட். மேலே ஏற ஏறக் குரல் உயரும், கீழே இறங்க இறங்க மரியாதை கூடும் என்றார். அந்தத் தவணை முழுவதும் உச்சிப் படியில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அந்த ஏணியை அழிக்கவே இல்லை. பலகையின் ஓரத்தில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. மழைநாளில் சுவர் ஓதம் ஏறிக் கீழ்ப் படி மட்டும் கரைந்து போகும், அவர் மறுபடி வரைவார்.

எங்களுக்கு மஸ்ட் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில்லை. தோட்டத்துத் தகரப் பலகைகளிலிருந்து வந்தது. ஆபீஸ் வாசலில் ஒன்று, பால் நிறுக்கும் கொட்டகையில் ஒன்று, ரப்பர் உலர்த்தும் புகைவீட்டுக் கதவில் ஒன்று. வெள்ளைத் தகரத்தில் சிவப்பு எழுத்து. வாளிகளைக் கழுவியே ஆக வேண்டும், வருகிறவர்கள் ஆபீசில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அக்கா அந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவித்தான் ஆங்கிலம் கற்றுக்கொண்டாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று ஒருநாள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டாள்.

"செஞ்சே ஆகணும்னு அர்த்தம். செய்யலேன்னா பேர வெட்டிருவாங்கன்னு அர்த்தம். போ, போ, தொர வர்ற நேரம்."

எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் எங்களை நோக்கிச் சொல்லப்பட்டது. நாங்கள் எழுத வந்தபோது அதையே திருப்பி எழுதினோம்.

வேடிக்கை என்னவென்றால், லயத்துக்குள் நாங்கள் பேசிய தமிழில் யாரும் யாரையும் அப்படி அதட்டுவதில்லை. வேண்டியதை நேராகக் கேட்பதே மரியாதைக் குறைவு. கொடுப்பதை உடனே வாங்குவது அதைவிடக் குறைவு. அடுத்த வீட்டுப் பெரியம்மா சீனி வாங்க வந்தால், கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மழையைப் பற்றியும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் கோபத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். அம்மா கோப்பித் தூளைக் கொதிநீரில் போடுவார்.

"ஒரு வாய் கோப்பி குடிங்கக்கா."

"வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்."

"அட, குடிங்கிறேன்."

"ஐயோ, வயிறு நெறஞ்சு கெடக்கு."

"ஊத்திட்டேன்."

"ஊத்திட்டியா? சரி, கீழயா கொட்ட முடியும், குடு."

இரண்டு முறை மறுப்பார்கள், மூன்றாம் முறை வாங்குவார்கள். சம்பளக் கூட்டத்தில் வெற்றிலை நீட்டினாலும் அப்படித்தான், கல்யாணத்தில் இலைக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான். கேட்கிறவருக்கும் அது தெரியும். முதலில் சொல்லும் வேண்டாம் என்பதை யாரும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

பட்டணத்தில் அது செல்லாது என்பதை அக்காதான் முதலில் கண்டாள். ஒரு நாள் இடைவேளையில் கோப்பிக் கடைக்காரர் மகள், என்ன நினைத்தாளோ, தேங்காய்ப்பால் இனிப்பு தடவிய தன் காயா ரொட்டியில் பாதியைப் பிய்த்து அக்காவிடம் நீட்டினாள். அக்கா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு ரொட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டாள். அடுத்த பாடம் முழுவதும் அக்கா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவதான் கேட்டாடா," என்றாள் பஸ்ஸில். ஏதோ கணக்கு தப்பிவிட்டதைப் போல.

வாத்தியாரின் ஏணியில் கீழே இறங்குவது எனக்குக் கடைசி வரை கைவரவில்லை. மஸ்டை எடுத்த இடத்தில் ஷுட் போட்டால் வாக்கியம் நொண்டுவது போலத் தோன்றும். அக்காவுக்கு அது வீட்டு மொழி. மே என்றும் மைட் என்றும் எழுதும்போது அவள் அடுத்த வீட்டுப் பெரியம்மாவைப் போலப் பேசினாள், அவ்வளவுதான். வாத்தியார் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். முதலில் எதிர்க்கட்சிக்காரனின் இடத்தில் போய் நின்று, அவனே வெட்கப்படும் அளவுக்கு அவனுக்காக நன்றாகப் பேச வேண்டும். பிறகுதான் உன் இடத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

பட்டணமா தோட்டமா, எது வாழ நல்லது என்பது தலைப்பு. அக்கா எழுதியதை வாத்தியார் வகுப்பில் படித்துக் காட்டினார். பட்டணத்தில் இருப்பவர்கள் எங்கள்மேல் வாடை அடிப்பதாகச் சொல்லலாம், அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம், எங்களுக்கே அது பழகிவிட்டதால் தெரியாமல் இருக்கலாம் என்று தொடங்கியிருந்தாள். யாரோ சிரித்தார்கள். பிறகு வகுப்பு அடங்கிவிட்டது. மறுநாள் கோப்பிக் கடைக்காரர் மகள் தன் பையைத் தூக்கிக்கொண்டு பழைய பெஞ்சுக்கே திரும்பி வந்தாள்.

"இந்தப் பிள்ளைக்குத்தான் வாதம் எண்டால் என்னவெண்டு விளங்கியிருக்கு," என்றார் வாத்தியார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இரண்டாம் தவணையில்தான் விடுதிப் பேச்சு வந்தது. மலாக்கா பட்டணத்தில் பெண்பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றில் எங்கள் பள்ளிக்கு ஒரே ஓர் இடம். அங்கே தங்கிக்கொண்டு அருகிலிருந்த பெரிய பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படிக்கலாம். சேர விரும்புகிறவள் தன் காரணத்தை ஆங்கிலக் கட்டுரையாக எழுதித் தர வேண்டும். பிறகு தலைமையாசிரியர் தகப்பனைக் கூப்பிட்டுப் பேசி முடிவு செய்வார். அந்த இடம் கிடைக்காவிட்டால் அக்காவின் படிப்பு ரிமூவ் வகுப்போடு சரி. அதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. வயதுக்கு வந்த பெண்ணை இருட்டில் லோரியிலும் பஸ்ஸிலும் இன்னும் ஐந்து ஆண்டு அனுப்ப முடியாது என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். அவள் பால் வெட்டுவதற்கென்று ஒரு நிரை மரத்தை மண்டோர் பார்த்தும் வைத்திருந்தார்.

அப்பா வாசலில் குந்திக்கொண்டு பால் வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"புள்ளய கண்காணாத எடத்துல விட்டுட்டு எனக்குத் தூக்கம் வருமா?" என்றார்.

"எனக்கு இது ஏழாம் மாசம்," என்றார் அம்மா உள்ளிருந்து. "இவ போயிட்டா அடுப்படியில யாரு நிக்கிறது? இவனா?"

அக்கா கோபப்படவில்லை. "அம்மா சொல்றதும் சரிதான்ப்பா. நீங்க பயப்படுறதும் நாயம்தான். நான் இல்லாட்டி அம்மாவுக்குச் சிரமம்தான்." தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். "ஒருவேள பெரியம்மா மக காலையில வந்து தண்ணி புடிச்சுக் குடுக்கலாம். நானும் லீவுக்கு லீவு வந்து எல்லாத்தையும் தொவச்சுப் போட்டுட்டுப் போகலாம். யோசிச்சுப் பாத்தா நல்லாருக்கும்ப்பா."

அப்பா உளியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பாத்தியா இவள? நம்ம கச்சியே பேசி நம்மளயே கவுக்குறா. கோர்ட்டுக்குப் போனா தொரைக்கே தண்ணி காட்டுவா."

இரண்டு நாள் கழித்துச் சம்மதித்தார். "நாமளா போயி எங்களுக்குக் குடுங்கன்னு நிக்கக் கூடாது. அவுங்களா கூப்புட்டுக் கேட்டா, மொறையா பேசி ஒத்துக்கலாம்."

வீட்டில் ஜெயித்த அதே முறையில்தான் அக்கா கட்டுரையையும் எழுதினாள். அம்மா கர்ப்பமாக இருப்பது, தம்பியான எனக்கு அடுப்படி வேலை தெரியாதது, தன்னைப் போன்ற பெண்பிள்ளை வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பது, எல்லாவற்றையும் எதிர்க்கட்சிக்காகச் சொன்னாள். இவ்வளவுக்கும் பிறகு விடுதிக்கு ஆசைப்படுவது தன் சுயநலமாக இருக்கலாம் என்றுகூட எழுதியிருந்தாள். பிறகு திரும்பி வந்தாள். இடம் கிடைத்தால் ஒருநாள் குடும்பத்துக்கு உதவியாக இருக்க முடியலாம் என்றாள். கடைசி வாக்கியத்தில் மட்டும் உச்சிப் படிக்கு ஏறியிருந்தாள். நான் படித்தே ஆக வேண்டும். ஐ மஸ்ட் ஸ்டடி.

வாத்தியார் பள்ளி விட்ட பிறகு எங்களை உட்கார வைத்து அதைப் படித்தார். தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இது மட்டும் உறுத்துது பிள்ளை."

"இந்த ஒண்ணு மட்டும் இருக்கட்டும் சார்."

"இவ்வளவு வடிவா எழுதிப்போட்டுக் கடைசியில ஏன் சண்டை பிடிக்கிறீர்? தலைமையாசிரியர் பெரிய மனுசர். அவருக்கு முன்னால மேசையில குத்தக் கூடாது."

அக்கா ரப்பரை எடுத்து அந்த வரியை அழித்தாள். படிக்க முடிந்தால் மகிழ்வேன் என்ற மாதிரி ஒன்றை எழுதினாள். ரப்பர்த் துகளை ஊதினாள். அது பள்ளிக்கூட ரப்பர். நாங்கள் வெட்டிய மரத்திலிருந்து வந்ததாகக்கூட இருந்திருக்கலாம் என்று அன்றைக்கே நினைத்தேன்.

தலைமையாசிரியர் கூப்பிட்ட நாளில் அப்பா பால் நிறுத்த கையோடு வந்தார். விரல் இடுக்கில் ஒட்டிய ரப்பர் பாலை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தார். கிராணியிடம் இரவல் வாங்கிய சட்டை தோளில் தொங்கியது. அக்கா அறைக்குள் கதவோரம் நிற்க, நான் வெளியே ஜன்னலடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிப் பலகைகள் திறந்திருந்தன.

தலைமையாசிரியர் மலாக்காப் போர்த்துக்கீசியக் குடும்பத்துக்காரர். அளந்து பேசுவார். ஆங்கிலத்தில் கேட்டார், வாத்தியார் தமிழில் சொன்னார்.

"உங்கட மகளை விடுதிக்கு அனுப்பச் சம்மதமோ எண்டு கேட்கிறார்."

அப்பா எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்; கல்யாண வீட்டில் இலைக்குக் கூப்பிடும்போது வருகிற சிரிப்பு.

"எங்க வீட்டுப் புள்ளைக்கு எதுக்குங்கய்யா அவ்ளோ பெரிய எடம்? வேற யாராச்சும் நல்ல புள்ளையா பாத்துக் குடுங்க."

வாத்தியார் அதை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னார். நேர்மையான மனிதர், ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல மாட்டார். தலைமையாசிரியர் மேசைமேல் இருந்த அக்காவின் கட்டுரையைப் புரட்டினார். அந்தப் பிள்ளையே மிக நியாயமாக எழுதியிருக்கிறாள், வீட்டில் அவள் தேவை என்பது புரிகிறது, ஒரு குடும்பத்தை நாம் வற்புறுத்தக் கூடாது என்றார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அப்பாவின் கையைக் குலுக்கினார். அப்பாவின் கையை அதற்கு முன் யாரும் குலுக்கியதில்லை. அவர் பூரித்துப் போனார்.

கதவோரம் நின்றவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவளும் கேட்காமல் பேசுகிற பிள்ளை இல்லை. அவள் வாய் ஒரு முறை திறந்து மூடியதை நான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அப்பா வளாகத்திலிருந்த தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள்.

"அப்பா, பஸ் போயிரும்," என்றேன்.

"இருடா, கூப்புடுவாங்க. நான் சொன்னது மொறைக்குச் சொன்னது. ரெண்டாந் தடவ கேக்காமலா விடுவாங்க? படிச்சவங்க, அவுங்களுக்கா தெரியாது?"

அக்கா அவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதி ரொட்டி பைக்குள் திரும்பிப் போனதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய், தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவரும் அவளுமாக அந்த அறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மரம் இலை மூடத் தொடங்கும் நேரத்தில் தலைமையாசிரியரின் கார் வெளியே வந்தது. அவர் அப்பாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அப்பாவும் நெற்றிவரை கையைக் கொண்டுபோனார். கார் கேட்டைத் தாண்டித் திரும்பியது. அப்பா அந்தக் கையை உடனே இறக்கவில்லை.

அடுத்த வாரம் வாத்தியார் அக்காவைக் கூப்பிட்டு, "உம்மட தகப்பனார்தான் வேண்டாம் எண்டவர்," என்று வருத்தத்தோடு சொன்னார்.

"அது வேண்டாம் இல்ல சார்," என்றாள் அக்கா.

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து, மறுபடி மூடினார். அவர் வீட்டிலும் கோப்பியை இரண்டு முறை மறுத்திருப்பார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த அறையில், அந்த மொழியில், அவர் வேறு ஆளாக இருந்திருக்கிறார். அவர் எங்களுக்குச் சொல்லித் தந்த தன்மை பொய்யில்லை. மெல்லப் பேசினாலும் எதிரே இருப்பவர் காது கொடுப்பார் என்று தெரிந்தவர்களின் தன்மை அது. எங்களுக்கும் அது பொருந்தும் என்று நம்பினார். அந்தக் கட்டுரைக்குத்தான் அந்த ஆண்டிலேயே அதிக மதிப்பெண் போட்டிருந்தார்.

விடுதி இடம் கோப்பிக் கடைக்காரர் மகளுக்குக் கிடைத்தது. அரைப்பக்கம் எழுதினாளாம். எனக்கு வேண்டும், என்னால் முடியும், கேன், கேன் என்று. தலைமையாசிரியர் அவள் தகப்பனிடம் கேட்டபோது, "போகட்டும் லா, எப்ப அனுப்ப?" என்றாராம். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. கடைசி நாள் அவள் ஒரு முழு காயா ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் எனக்குப் பாதி கொடுத்தாள்.

அக்கா அந்த நிரைக்குப் போனாள். நான் சைக்கிளில் போய்ப் படித்தேன். தம்பி பிறந்தான்.

அப்பாவிடம் ஒரு மாற்றம் வந்தது. அதன் பிறகு யார் எதை நீட்டினாலும் முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்வார். பெரியம்மா வீட்டில் கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டு முடிக்கும் முன் "குடு" என்பார். கல்யாண வீடுகளில் கூப்பிட்ட உடனே போய் உட்காருவார். லயத்தில் சிரித்தார்கள். பேராசை பிடித்தவர் என்று பேர் வந்தது. அம்மாவுக்குக்கூட வெட்கமாக இருந்தது. சாகும் வரை அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாரிடமும் சொன்னதுமில்லை.

தோட்டம் பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி, செம்பனை பிறகு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தகரப் பலகைகளைப் பழைய இரும்புக்காரன் லோரியில் அள்ளிக்கொண்டு போனான் என்று கேள்வி. ஒன்றையாவது கேட்டு வாங்கி வைத்திருக்கலாம்.

அக்கா இப்போது தஞ்சோங் கிளிங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன ஞாயிறு பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா வீட்டில் எதையும் ஒரு முறைதான் கேட்பாள். வேண்டாம் என்றால் பாத்திரத்தை மூடிவிடுவாள். தெரிந்தவர்கள் அங்கே போய் மரியாதை பார்ப்பதில்லை.

"மீன் கொழம்பு இருக்கு, சாப்புடுறியா?"

"சாப்புடுறேன்க்கா," என்றேன் உடனே. அதிலும் எனக்கு ஒரு பதற்றம்.

சாப்பிட்ட பிறகு பேத்தி பையிலிருந்து கட்டுரையை எடுத்தாள். "பாட்டி, தாத்தா இதுல மஸ்ட் அதிகம்னு சொல்றாங்க. நீங்க பாருங்களேன்."

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். விரலை வரிக்கு அடியில் ஓட்டி, உதட்டை அசைத்து, தகரப் பலகையைப் படித்த மாதிரியே படித்தாள். நெடுநேரம் ஆயிற்று. நான் சிவப்புப் பென்சிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"படிக்கிற புள்ளைங்க வேலைக்குப் போறதப் பத்தியா?"

"ஆமா பாட்டி."

"அப்பா செய்யணும், வாத்தியாரு செய்யணும், மொதலாளி செய்யணும்னு எல்லாம் எழுதியிருக்க. ஒண்ணு வுட்டுப்போச்சு."

பென்சிலை எடுத்தாள். ஒன்றையும் வட்டமிடவில்லை. கட்டுரையின் அடியில் இருந்த வெற்றிடத்தில், ரிமூவ் வகுப்பில் பழகிய அதே எழுத்தில், கோட்டைத் தொட்டுக்கொண்டு உட்காரும் எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள். அந்தப் பிள்ளையையும் கேட்டே ஆக வேண்டும்.

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் எண்ணினேன். இருபத்து மூன்று.